சுண்ணாம்பு நுழையாத பதினைந்து சென்ட்

உண்ணாமலை பிறந்தது 1967ஆம் ஆண்டு தை மாதம், கீழ்பென்னாத்தூரில். படிப்பு பத்தாம் வகுப்பு. 1988இல் அடி அண்ணாமலை ஊரைச் சேர்ந்த இருசப்பனை மணந்தார். இருசப்பனுக்குப் பம்புசெட் பழுது பார்க்கும் தொழில். ஒரே மகள் கீர்த்தனா, மணமாகி ஓசூரில் இருக்கிறாள். இருசப்பனின் அக்கா ஆதிலட்சுமி, கணவர் காலமான பிறகு 2009 முதல் இவர்களுடன் வசித்து வருகிறார். தம்பி சரவணகுமார் அதே தெருவில் தனி வீட்டில் இருக்கிறார்; இரண்டு வேன்களை வாடகைக்கு ஓட்டுகிறார். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாகக் கிரிவலப் பாதையை ஒட்டி முப்பது சென்ட் நிலம் இருந்தது, கூட்டுப் பட்டாவில். அந்த நிலத்தில் 2021 ஆகஸ்டில் உண்ணாமலை தொண்ணூற்றாறு ப்ளூபெர்ரிச் செடிகளை வைத்தார். அவற்றில் பதினேழு செத்தன. செத்ததற்குக் காரணம் வெயில் என்று ஊரில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல.

1995 முதல் இருபத்தாறு ஆண்டுகள் உண்ணாமலை நகரத்தில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தார். குப்பி கழுவுவது, மாதிரிப் பொட்டலங்களுக்கு எண் ஒட்டுவது, மண்ணை உலர்த்திச் சலிப்பது ஆகியவை அவர் வேலை. பரிசோதிக்கிற வேலை அவருடையதன்று. ஆனால் கருவியில் எண் தோன்றும்போது பக்கத்தில் நிற்பவர் அவர்தான். இந்த மாவட்டத்து மண்ணின் பி.எச். அளவு ஏழரையிலிருந்து எட்டரை வரை இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த அளவு ஏற ஏற மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடுகிறது என்பதும், இறங்க இறங்கப் புளிப்பு கூடுகிறது என்பதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தன.

2016இல் கோத்தகிரியிலிருந்து ஒரு தோட்டக்காரர் அனுப்பிய பொட்டலத்தில் மண்ணோடு ஒரு சிறு டப்பா பழமும் இருந்தது. நீலக்கருப்பாய், மேலே விபூதி பூசியதுபோல் ஒரு வெண்படலத்தோடு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பழங்கள். கருவி நான்கு புள்ளி ஆறு காட்டியது. அத்தனை தாழ்ந்த எண்ணை உண்ணாமலை அதுவரை பார்த்ததில்லை. பழத்தில் இரண்டைத் தின்று பார்த்துவிட்டு அதிகாரியிடம் போய்க் கேட்டார்.

"சார், இந்தச் செடி நம்ம ஊர்ல வருமா?"

"குளிருக்குப் பொறந்த செடிம்மா இது. இங்க அடிக்கிற வெயில்ல பாறையே வெடிக்குது."

"மண்ணைப் புளிப்பா மாத்திக் குடுத்தா?"

"மண்ணை மாத்துவ. வெயிலை இன்னா பண்ணுவ? போம்மா, போய்க் குப்பியைக் கழுவு."

உண்ணாமலை போய்க் குப்பியைக் கழுவினார். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பொட்டலத்தில் தாம் ஒட்டிய எண் சீட்டை மட்டும் உரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே இருந்தது.

2021 மார்ச்சில் வேலையை விட்டார். ஓசூர் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றில், அதிகக் குளிர் கேட்காத வகைச் செடிகள் கிடைப்பதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். மார்கழி, தை மாதத்துக் குளிரே அவற்றுக்குப் போதுமாம். வேலையை விட்டபோது கைக்கு வந்த பணம் முழுவதும் செடியாகவும், தேங்காய் நார்க்கழிவாகவும், பைகளாகவும், நிழல்வலையாகவும் மாறியது. இருசப்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமலிருப்பது சம்மதமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முப்பது ஆண்டுக் குடும்பம் போதவில்லை என்று உண்ணாமலை சொல்வதுண்டு.

சொன்னவர் சரவணகுமார்தான். நோய்க் காலத்தில் கிரிவலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பெல்லாம் பௌர்ணமிதோறும் அந்த முப்பது சென்ட்டில் வண்டிகளை நிறுத்த இடம் விட்டுக் காசு பார்த்தவர் அவர். மறுபடி கிரிவலம் தொடங்கினால் அந்த இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணி, செடிக்கு ஏசி போடப் போறீங்களாமே. ஸ்வெட்டர் பின்னியாச்சா?"

"பின்னிக்கினு இருக்கேன் தம்பி. மிச்சம் நூலு இருந்தா உனுக்கு ஒண்ணு போடறேன்."

"வெளையாட்டு வேணா. கிரிவலம் தொறந்துட்டா எனக்கு எடம் வேணும்."

"என் வூட்டுக்காரருக்கும் அதுல பாதி இருக்குது."

"இருக்குது. இல்லன்னு யார் சொன்னது? மூணு வருசம் வெச்சுக்குங்க. மூணாவது சித்ரா பௌர்ணமி அன்னிக்கு, காலையில பறிச்ச பழம், நம்ம வூட்டுப் படியால நாலு படி அளந்து காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். காட்டலன்னா முப்பது சென்ட்டும் வண்டிக்கு."

"நாலு படி" என்றார் உண்ணாமலை. "எழுதுங்க."

வீட்டுக் குறிப்பேட்டில் இருசப்பன் தம் கையால் எழுதினார். தேதியிட்டு, சரவணகுமாரும் உண்ணாமலையும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பக்கம் இன்னும் கிழியாமல் இருக்கிறது.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் செய்தவற்றை ஊர் வேடிக்கையாகவே பார்த்தது. செடிகளைத் தரையில் நடவில்லை. நார்க்கழிவு நிரப்பிய பைகளில் வைத்து, வரிசைக்கு இருபத்து நான்காக நான்கு வரிசை அமைத்தார். நிலத்தின் போர்த்தண்ணீர் பி.எச். எட்டு புள்ளி இரண்டு. அதை ஒரு செம்பு ஊற்றினாலும் இந்தச் செடி வாடும். ஆகவே வீட்டு மாடியிலும் ஆட்டுக் கொட்டகைக் கூரையிலும் விழுந்த மழையை முழுவதும் தொட்டிகளில் பிடித்தார். மழை போதாத மாதங்களில் போர்த்தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்து, ஐந்துக்கு இறங்கிய பிறகே பைக்கு விட்டார். அக்கினி நட்சத்திரத்தில் இரட்டை வலை கட்டினார். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்காகச் சுற்றிலும் கம்பி வலை அடித்தார். ஒரு குரங்கு வலைமேல் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் அவரையே பார்த்தது. அவரும் கம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அதையே பார்த்தார். பொழுது சாய்ந்ததும் குரங்கு எழுந்து போனது.

2022இல் கிரிவலம் மீண்டும் தொடங்கியது. பௌர்ணமிதோறும் பாதையில் போகிறவர்கள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாமா இது, களாக்காவா?"

"இல்ல."

"நாவலா?"

"இல்ல."

"பின்ன இன்னாதான்?"

"பழுத்தப்புறம் வந்து கேளுங்க."

வண்டி நிறுத்த இடமில்லாமல் திரும்பிப் போகிறவர்களைச் சரவணகுமார் பாதையோரம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியதை அண்ணிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் முன்வரிசை மஞ்சளிக்கத் தொடங்கியது. பாதையை ஒட்டிய இருபத்து நான்கு பைகளில் மட்டும் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. பின்னால் இருந்த மூன்று வரிசைகளும் செழிப்பாகவே இருந்தன. அதே தண்ணீர், அதே நார்க்கழிவு, அதே நிழல். உண்ணாமலை தண்ணீரைச் சந்தேகித்தார். புழுவைச் சந்தேகித்தார். பாதை வாகனங்களின் புகையைக்கூடச் சந்தேகித்தார். ஆனிக்குள் பதினேழு செடிகள் காய்ந்து குச்சியாகிவிட்டன.

"வெயிலு அண்ணி" என்றார் சரவணகுமார், வலைக்கு வெளியே நின்று. "உங்க ஆபீசரு அன்னிக்கே சொன்னாரு இல்ல? நீங்கதான் கேக்கல."

மறுநாள் காலை உண்ணாமலை ஒவ்வொரு பையிலும் நார்க்கழிவு எடுத்து நனைத்துக் காகிதப் பட்டையில் பார்த்தார். பின்வரிசைகள் ஐந்து காட்டின. முன்வரிசை ஏழரைக்கும் மேலே. காகிதம் பொய்யோ என்று மூன்று முறை பார்த்தார். பிறகு ஒரு பையின் வெளிப்புறத்தில், மேல்விளிம்பிலிருந்து வழிந்து காய்ந்த ஒரு சிவப்புக் கோட்டைக் கண்டார். அதற்குப் பக்கத்துப் பையிலும் அதே கோடு. இருபத்து நான்கிலும் அது இருந்தது. இத்தனை நாளும் பையின் அச்சு நிறம் கரைந்து வழிகிறது என்றே அவர் நினைத்திருந்தார்.

நேரே வீட்டுக்குள் போனார். ஆதிலட்சுமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, முன்வரிசைக்கு ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"ஊத்துறேனே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆரத்தி சுத்தி ஊத்துறேன். ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் வலையைப் புடிச்சுக்கினு வெறிச்சு வெறிச்சுப் பாக்குறான். கண்ணு சும்மா வுடுமா? நீதான் ஒண்ணும் செய்ய மாட்டேங்குற."

"எத்தினி மாசமா?"

"கிரிவலம் தொறந்ததிலேருந்து."

"சுண்ணாம்பு எவ்ளோ போட்டீங்க?"

"இருவத்திநாலு செடிக்குத் தட்டுல கரைச்சாப் பத்துமாடி? வாளியில கரைச்சேன். மஞ்சாத்தூளு ஒரு கை, சுண்ணாம்பு ரெண்டு கை. நல்லா ரத்தமாட்டம் செவந்துச்சு." அப்போதுதான் உண்ணாமலையின் முகத்தைப் பார்த்தார். "ஏன், இன்னா ஆச்சு?"

உண்ணாமலை எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினைந்து பௌர்ணமிகள். குடும்பத்தில் அவர் பக்கம் வெளிப்படையாக நின்ற ஒரே ஆள் இந்த நாத்தனார். செடிக்கு மூட்டை சுமந்தவர், குரங்கு விரட்டியவர், சரவணகுமாரை வாசலிலேயே வைத்துத் திட்டியவர். அவர் கையாலேயே, அத்தனை அக்கறையோடு, மாதம் தவறாமல் விஷம் போயிருக்கிறது.

"அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு ஆவாதுக்கா. போர்த்தண்ணியில இருக்குற சுண்ணாம்பே ஆவாதுன்னுதான் நான் மழைத்தண்ணி புடிக்கிறேன்."

ஆதிலட்சுமி கீரையை அப்படியே முறத்தில் போட்டார். பிறகு கேட்டார்: "அப்ப கண்ணு பட்டா இன்னா பண்றது?"

"எலுமிச்சம்பழம் சுத்துங்க. சுத்தி, அறுத்து, அடியில புழிஞ்சு வுடுங்க. குங்குமம் வெக்காதீங்க, அதுலயும் சுண்ணாம்பு இருக்குது. வெறும் பழம். அது செடிக்கு நல்லது."

"நல்லதா?"

"குடிக்கும்."

ஆதிலட்சுமி எழுந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிற வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய சாமான்களோடு போட்டார். அடுத்த பௌர்ணமியிலிருந்து எழுபத்தொன்பது பைக்கும் எலுமிச்சம்பழம் சுற்றப்பட்டது. முன்வரிசையில் பிழைத்த ஏழு செடிகளை உண்ணாமலை பையிலிருந்து எடுத்து, வேரை மழைத்தண்ணீரில் அலசி, புது நார்க்கழிவில் வைத்தார். அவை பிழைத்தன, ஆனால் அந்தப் பருவத்தில் பூக்கவில்லை.

முன்வரிசை செத்த காரணத்தைச் சரவணகுமாரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நாலு படியை மூன்றாக்கும்படி கேட்டிருக்கலாம். இருசப்பன்கூட ஒருமுறை அதைச் சொன்னார்.

"உங்க அக்காவை உங்க தம்பி எதிர்ல நிக்க வெச்சுப் படியைக் கொறைக்கச் சொல்றீங்களா?" என்றார் உண்ணாமலை. "நாலுன்னு எழுதினேன். நாலுதான்."

2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி. விடிந்து வெளிச்சம் வந்ததும் உண்ணாமலை வலைக்குள் நுழைந்தார். பாதையில் அதற்குள் கூட்டம் நிரம்பியிருந்தது.

இந்தப் பழத்தைப் பறிப்பதில் ஒரு முறை உண்டு. ஒரு கொத்தில் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. முழுவதும் நீலமாகத் தெரிகிற பழத்தையும் நம்பக்கூடாது. புரட்டிப் பார்த்தால் காம்படியில் மெல்லிய சிவப்பு வளையம் இருக்கும். வளையம் இருந்தால் இன்னும் நான்கைந்து நாள் செடியில் நிற்க வேண்டும். பறித்த பிறகு அது இனிக்காது. வளையம் போன பழத்தைக் கட்டைவிரலால் லேசாக உருட்டினால் தானே உள்ளங்கையில் விழும், இழுக்கத் தேவையில்லை. வெண்படலம் அழியாமல் விழ வேண்டும். எழுபத்திரண்டு செடிகளில் உண்ணாமலை ஒவ்வொரு பழமாகப் புரட்டிப் பார்த்தார். ஆதிலட்சுமி கூடையைப் பிடித்தார். இருசப்பன் எதிர்வரிசையில் பறித்தார்.

ஏழரை மணிக்குச் சரவணகுமார் வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் வீட்டுப் படி. படியைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த மரியாதை அவரிடம் எப்போதும் உண்டு.

முதல் படி நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. மூன்றாவது நிரம்பியது. நான்காவது முக்கால் வரை வந்து நின்றது. கூடை காலி.

இருசப்பன் தம் தோள்பையிலிருந்து இரண்டு கை பழத்தை எடுத்துப் படியில் போட்டார். படி நிரம்பியது. உண்ணாமலை குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்துப் புரட்டினார். சிவப்பு வளையம். இன்னொன்றை எடுத்தார், அதிலும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார். படி மறுபடி முக்காலுக்கு இறங்கியது.

"பழந்தானே அது" என்றார் இருசப்பன் மெதுவாக.

"இது காயி. காயை அளந்து செயிச்சா, நாளைக்கு இதைத் தின்னுட்டு இந்த ஊர்ப் பழம் புளிக்குதும்பாங்க. மூணு வருசம் அதுக்கா பாடுபட்டேன்?" சரவணகுமாரைப் பார்த்தார். "மூணே முக்கால் படி தம்பி. பாக்கி செடியில இருக்குது. நாலு நாள் கழிச்சு வா, ரெண்டு படி தர்றேன்."

"நாலு நாள் கழிச்சுன்னு எழுதலையே அண்ணி."

"எழுதல."

"அப்ப கால் படி கம்மி."

"கம்மிதான்."

சரவணகுமார் திரும்பி வேன் பக்கம் கை காட்டினார். டிரைவர் ஒரு மூட்டையை இறக்கிக் கம்பி வலையின் வாசலில் வைத்தான். வண்டிகளுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள். முன்வரிசை செத்த காலி இடத்தில் அன்றே இருபது வண்டிகளை நிறுத்தலாம் என்று அவர் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார்.

உண்ணாமலை கூடையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அவருக்கு முன்பே ஆதிலட்சுமி அங்கே போய்விட்டார். புடவையைச் செருகிக்கொண்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"எழுந்திரிக்கா" என்றார் சரவணகுமார்.

"இது உள்ள போவணும்னா என்னையும் சேத்துத் தூக்கிக்கினு போ."

"உனுக்கு இன்னா வந்துச்சு இதுல?"

"அந்தப் பதினேழு செடியைக் கொன்னது வெயிலு இல்லடா. நானு. ஆரத்தி சுத்திச் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துனேன், வாளி வாளியா. இவ ஒரு வார்த்தை உங்கிட்ட சொல்லல. அந்தப் பதினேழு இருந்திருந்தா இன்னிக்கு அஞ்சு படி. நான் போட்ட சுண்ணாம்பு போதும். உன்னுது வேணாம்."

சரவணகுமார் அண்ணியைப் பார்த்தார். "நெசமா?"

"அதைப் பேசல இப்ப" என்றார் உண்ணாமலை. "கால் படி கொறைஞ்சிச்சு, ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தூளு காத்துல பறந்தா எழுபத்தொம்போது செடியும் போவும். அதுக்கு நான் கையெழுத்துப் போடல. உனுக்கு எடந்தானே வேணும்? பாகம் பிரி. ரோட்டோரப் பாதியை நீயே எடுத்துக்க. பின்பாதி எனுக்கு. பையைத் தூக்கிப் பின்னால வெச்சுக்கறேன். நெலத்துல வேர் வுட்ட செடி இல்ல இது, எங்க வேணா வரும்."

"பின்பாதிக்கு வழியே கெடையாது அண்ணி. நாலடி சந்து. விக்கப் போனாக்கூட ஒருத்தன் கேக்க மாட்டான்."

"விக்கறதுக்கா கேக்குறேன்?"

பாதையில் நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டிரைவர் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஆதிலட்சுமி அந்த மூட்டையிலிருந்து பகல் பன்னிரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. காபியும் அங்கேயே வந்தது. அந்தச் சித்ரா பௌர்ணமியில் முப்பது சென்ட்டில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

நான்காம் நாள் காலை, சொன்னபடி இரண்டு படி பழம் சரவணகுமார் வீட்டுக்குப் போனது. உண்ணாமலையே எடுத்துப் போனார். சரவணகுமார் ஒன்றை எடுத்துப் புரட்டி, காம்படியைப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். இன்னொன்றைப் போட்டார். பழம் வந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

ஜூனில், ஆளுக்குப் பதினைந்து சென்ட் என்று அண்ணன் தம்பி பெயரில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டது. பத்திரம் எழுதுபவரிடம் உண்ணாமலை ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பொது எல்லையிலிருந்து பத்தடிக்குள் சுண்ணாம்போ சுண்ணாம்புத் தூளோ இடலாகாது.

எழுதுபவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "முப்பது வருசமா எழுதறேன்மா. கெணறு எழுதியிருக்கேன், தென்னமரம் எழுதியிருக்கேன். சுண்ணாம்பு எழுதினதே இல்ல."

"இப்ப எழுதுங்க."

அவர் சரவணகுமாரைப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் சரவணகுமார். "எழுதலன்னா எங்க அக்கா இங்கயும் வந்து உக்காந்துக்கும்."

எழுபத்தொன்பது பைகளையும் அந்த வீட்டார் மூன்றே நாளில் பின்னால் நகர்த்தினார்கள். முன்பாதியில் இப்போது பௌர்ணமிதோறும் வண்டிகள் நிற்கின்றன. சரவணகுமார் கோடு போடுவதில்லை, கயிறு கட்டுகிறார். பின்பாதியில் நான்கடிச் சந்து வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். நார்க்கழிவு மூட்டைகளை உண்ணாமலை தலையில் சுமந்து போகிறார். வழியில்லாத நிலத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்தைக் கொடுத்த பைத்தியக்காரி என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் காதிலும் அது விழுகிறது. விழுந்தாலும் சந்தில் அவர் நடை வேகம் குறைந்ததில்லை.

ஆய்வுக்கூடத்து எண் சீட்டு அவர் பர்ஸில் இப்போது இல்லை. பின்பாதியின் முதல் பையில் அதை ஒட்டி, மழை படாமல் மேலே பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறார்.

செடிகள் வைத்து ஆண்டு ஐந்து. பாகம் பிரிந்து ஆண்டு இரண்டு.